குடிசன மதிப்பில் பூட்டன் பெயரைத் தேடுகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபிசில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். சின்னக் கிளாக்கராக நுழைந்து பெரிய கிளாக்கராக வெளியே வந்தேன். சேமலாப நிதிப் பணத்தில் தலவாக்கலையில் ஒரு சின்ன வீடு. மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது அங்கே என்னைத் தேடி வந்துவிடுகிறார்கள். கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள், கனடாவில் இருந்து லீவுக்கு வந்தவர்கள், சில நேரம் இந்தியாவில் நீலகிரிக் கூடலூரில் இருந்து வருகிற சொந்தங்கள். கேள்வி ஒன்றுதான்: "ஐயா, எங்க பூட்டன் இந்தியாவில் எந்த ஊரிலிருந்து வந்தாரென்று பழைய சென்சஸில் பார்க்கலாமா?"

வெள்ளைக்காரன் தன் ஊரில் 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைத் திறந்து, பாட்டன் எந்த வீட்டில் இருந்தார், என்ன தொழில் செய்தார் என்று பெயரோடு எடுத்துவிடுகிறான். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இலங்கையில் முதல் குடிசன மதிப்பு 1871இல் நடந்தது. அப்புறம் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு ஒரு முறை எண்ணினார்கள். அந்தப் புத்தகங்களில் அச்சாகி இருப்பது அட்டவணை மட்டும்: இந்த மாவட்டத்தில் இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். பெயர் கிடையாது. இந்தியாவின் பழைய சென்சஸும் அப்படித்தான். ஆகவே அந்தப் பக்கம் போய் ஒரு மாதத்தை வீணாக்காதீர்கள்.

பிறகு பெயர் எங்கேதான் இருக்கும்? இத்தனை வருடம் இடாப்பு (பதிவேடு) எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். நம் ஆட்களிடமிருந்து காசு வர வேண்டியவனும், நம்மை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்ப வேண்டியவனும்தான் பெயரை ஒழுங்காக எழுதி வைத்தான். ஆள் சேர்த்துக் கூட்டி வந்த கங்காணியின் கடன் கணக்கு, தோட்டத்து வேலை இடாப்பான செக்ரோல், கப்பலேறுமுன் ஆட்களைத் தங்கவைத்த மண்டபம் கேம்ப், பிரஜாவுரிமை விண்ணப்பம், கப்பலேற்றிய பாஸ்போர்ட். தேடல் இந்த வழியாகத்தான் போக வேண்டும்.

முதலில் வீட்டுப் பெட்டி

எல்லோரும் கொழும்பில் இருந்து தொடங்கப் பார்க்கிறார்கள். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்து தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதி அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், பழைய தேர்தல் இடாப்பின் நகல், எதுவானாலும் வெளியே எடுத்து வெயிலில் காய வைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் போனில் படம் பிடியுங்கள். பின்பக்கத்தை விட்டுவிடுவீர்கள். கிளாக்கர்மார் பென்சிலால் எழுதுகிற குறிப்பெல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

பிறப்புச் சான்றிதழில் பலர் கவனிக்காத கூடு (கட்டம்) ஒன்று உண்டு. பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் அதில் வர வேண்டும். தந்தை இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் இங்கே பிறந்திருந்தால் பூட்டனாரின் விபரத்துக்கும் இடம் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மிடம் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய இதுதான். அப்பன் இங்கே பிறந்தானா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, காட்டு பத்திரத்தை என்றார்கள். காட்ட முடியாமல் லட்சக்கணக்கானவர்கள் நாடில்லாமல் போனார்கள். இன்றைக்கு அதே கூடு நமக்கு உதவுகிறது. தோட்டத்துப் பிறப்புகளில் பாதிக்கு அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் கிழித்திருக்கும். அதனால் உங்களுடைய பத்திரத்தோடு நிற்காமல் பெரியப்பா, சித்தப்பா, அத்தை எல்லோருடையதையும் கேட்டு வாங்குங்கள். ஒரு பிள்ளைக்குக் கோடு கிழித்த அதே கை, அடுத்த பிள்ளைக்குப் பாட்டன் பெயரை எழுதியிருக்கும். என் விஷயத்தில் கடைசி அத்தையின் பத்திரத்தில்தான் தாத்தாவின் தகப்பன் பெயர் கிடைத்தது.

பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். பதிவிலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுருக்கம், கட்டணமும் குறைவு. தெரியாவிட்டால் இடாப்பைத் தேடும் கட்டணம் சேரும். பதிவே இல்லாமல் உத்தேச வயதுச் சான்றிதழோடு வாழ்ந்தவர்களும் நம்மில் ஏராளம். அந்தச் சான்றிதழில் இருக்கிற பிறந்த வருடத்தை நம்பி எதையும் கட்டாதீர்கள். பெயருக்கு ஏற்றாற்போல உத்தேசம்தான்.

வருடம் கேட்காதீர்கள், துரை பெயரைக் கேளுங்கள்

வீட்டில் வயசானவர்கள் இருந்தால் பெட்டியைக்கூடப் பிறகு பார்க்கலாம். எங்கள் அப்பாயியிடம் நான் செய்த முதல் பிழை, "எந்த வருசம் வந்தீங்க?" என்று கேட்டது. "அதெல்லாம் எனக்குத் தெரியாது சாமி" என்று கொழுந்துக் கூடையைப் பின்னப் போய்விட்டார். அவரிடம் வருடம் இல்லை. நடந்தது இருந்தது. 47ஆம் வருட வெள்ளத்துக்கு முன்னா பின்னா? கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது (அது 1942 ஏப்ரல்) கையில் எந்தப் பிள்ளை? கப்பலில் வந்தீர்களா, மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்ததாகப் பெரியவர்கள் சொன்னார்களா? தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது 1914இல். "ரயிலேறி, கப்பலேறி, திரும்ப ரயிலேறி" என்று கதை வந்தால் அதற்குப் பிந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த கேள்வி, "அப்ப எந்தத் துரை?" இதற்கு அப்பாயியிடம் டக்கென்று பதில் வந்தது. துரைமார் (தோட்ட மேனேஜர்மார்) பெயரை அவர்கள் தங்கள் வாய்க்கு வாகாக மாற்றி வைத்திருப்பார்கள், அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பெர்குசன் டிரக்டரி என்று வெள்ளைக்காரன் காலத்தில் புத்தகம் வந்துகொண்டிருந்தது. தோட்டத்தின் பெயர், ஏக்கர், முதலாளி, துரை யார் என்று அதில் இருக்கும். தொழிலாளி பெயர் ஒன்றுகூட இருக்காது. ஆனால் அந்தத் துரை எந்தெந்த வருடம் அங்கே இருந்தார் என்று வருடவாரியாகப் பார்த்தால் அப்பாயியின் கதைக்கு ஒரு வருடக் கணக்கு வந்துவிடும். கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் காப்பகத்தில் பார்க்கலாம். அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டு போங்கள், பேனா வேண்டாம்.

இதிலே ஒரு சிக்கல் உண்டு. தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் சனங்கள் வைத்த பெயர் வேறொன்று. மட்டத்துத் தோட்டம், பாலத்தடித் தோட்டம் என்று பெரியவர்கள் சொல்வதை எந்த வரைபடத்திலும் காணமாட்டீர்கள். அதோடு, இன்றைக்கு ஒரு டிவிஷனாக இருப்பது அன்றைக்குத் தனித் தோட்டமாக இருந்திருக்கும். சின்னச் சின்னத் தோட்டங்களைச் சேர்த்துச் சேர்த்துத்தான் இன்றைய பெரிய தோட்டங்கள் ஆகின. பழைய மஸ்கெலியா டவுனைப் போல தண்ணீருக்குள் போன இடங்களும் உண்டு. வறட்சி வந்தால் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் கோயில் கோபுரம் தெரியும் அல்லவா, அதுதான். இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்காமல் ஆபிசுக்குப் போனால் தவறான தோட்டத்தின் இடாப்பைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தோட்டத்து ஆபிஸ்

பத்தாம் திகதிக்கு முன்னால் போகவே போகாதீர்கள். பத்தாம் திகதி சம்பளம், அதுவரை கிளாக்கருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. பதினைந்துக்கு மேல் போங்கள். துரையிடம் கடிதம் கொடுத்து அனுமதி எடுங்கள். தொழிற்சங்கத் தலைவர்மாரைக் கூட்டிக்கொண்டு போனால் ஏதோ பிரச்சினைக்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து எல்லாக் கதவும் மூடிக்கொள்ளும்.

கேட்க வேண்டியது பழைய செக்ரோல். அந்தக் காலத்துச் செக்ரோலில் ஆட்களைக் கங்காணி வாரியாக எழுதியிருப்பார்கள். மேலே கங்காணி பெயர், அதன் கீழே இலக்கம் போட்டு ஆண், பெண், பிள்ளைகள். அரைப்பேர் போட்டிருந்தால் பிள்ளை அல்லது முழு வேலைக்கு ஏலாதவர். எப்போது பேர் பதிந்தது, எப்போது பேர் வெட்டியது என்று பார்த்தால் ஒருவர் தோட்டத்துக்கு வந்ததும் போனதும் தெரியும். அக்கம்பக்கத்துப் பெயர்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கங்காணியின் கீழ் பதிந்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஊர்ப்பக்கம், பாதிப் பேர் சொந்தக்காரர்கள். உங்கள் பூட்டனின் ஊர் கிடைக்காவிட்டாலும் கங்காணியின் ஊர் கிடைத்தால் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். பெரிய கங்காணியின் வம்சத்தார் பெரும்பாலும் டவுனில் கடையோ லொறியோ வைத்து வசதியாக இருப்பார்கள். ஊர்ப் பெயர் அவர்களுக்குத் தெரியும். கணக்குப் புத்தகத்தைக் கேட்டால் மட்டும் முகம் மாறும், பழைய கடன் கதையல்லவா. நயமாகக் கேளுங்கள்.

பழைய செக்ரோல் இருக்குமா? பெரும்பாலும் இராது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசாங்கத்திடம் போயின, 1992இல் கம்பெனிகளிடம் வந்தன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு துப்புரவு நடந்தது. 92இல் எங்கள் ஆபிஸ் பின்னறையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு. நான் அப்போது சின்னக் கிளாக்கர். ஈரத்தில் பூத்து, பூச்சி அரித்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போன இடாப்புகளை நாலு பேரை வைத்துத் தூக்கி ஸ்டோர் (தேயிலை ஆலை) அடுப்புக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கொழுந்து வாட அந்தத் தாள்தான் எரிந்தது. கடைசி மூட்டையில் ஒன்றைச் சும்மா திறந்து பார்த்தபோது, 1930களின் செக்ரோல், அதில் அரைப்பேராக எங்கள் தாத்தா. அதை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். மற்றதில் யார் யாருடைய தாத்தா இருந்தார்களோ.

ஆகவே ஆபிஸ் கைவிட்டால் பாடசாலைக்குப் போங்கள். தோட்டப் பாடசாலையின் சேர்வு இடாப்பை யாரும் நினைப்பதே இல்லை. தகப்பன் பெயர், பிறந்த திகதி, முன்பு படித்த பாடசாலை எல்லாம் அதில் இருக்கும். அதிபர்மார் இடாப்பை எரிக்கமாட்டார்கள், பயப்படுவார்கள். கிறிஸ்தவக் குடும்பமென்றால் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு. அங்கிலிக்கன் சபையின் தமிழ்க் கூலி மிஷன் 1854இலேயே இந்த மலைகளில் தொடங்கிவிட்டது.

எழுத்துக்கூட்டல்

பெயரை ஒரே மாதிரித் தேடாதீர்கள். தமிழ்ப் பெயரைச் சிங்களப் பதிவாளர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதி, அதை இன்னொருவர் தமிழில் திருப்பி எழுதிய பத்திரங்கள் நம்முடையவை. லட்சுமி லெட்சிமியாவாள், லெச்சுமியாவாள். பழனி பளனியாவான். கருப்பண்ணன், கறுப்பன், கருப்பையா மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். மூன்று ஆளாகவும் இருக்கலாம். அதனால் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் தகப்பன் பெயர், மனைவி பெயர், தோட்டம், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்துகிறதா என்று பாருங்கள். குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு இல்லை. ஒரு தலைமுறையின் பெயர் அடுத்த தலைமுறைக்கு முதலெழுத்து, அதற்கடுத்த தலைமுறையில் அதுவும் போய்விடும்.

இனம் என்ற கூட்டையும் நம்ப முடியாது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலிருந்துதான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்து எண்ணினார்கள். 1971இல் சுமார் 11 லட்சத்து 75 ஆயிரமாக இருந்த இந்தியத் தமிழர் 1981இல் சுமார் 8 லட்சத்து 18 ஆயிரம். கப்பலேறிப் போனவர்கள் ஒரு பங்கு, இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்கள் இன்னொரு பங்கு. என் வீட்டிலேயே அண்ணனுக்கு ஒரு இனம், தம்பிக்கு ஒரு இனம்.

பிரஜாவுரிமைப் பத்திரங்கள்

என்னைக் கேட்டால் புதையல் இதுதான். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போடப்பட்டது. கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. கலியாணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம் இங்கே தொடர்ந்து இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்பதால், எந்தத் தோட்டத்தில் எப்போது பேர் பதிந்தது, மனைவி யார், பிள்ளைகள் யார் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டி வந்தது. நிராகரித்த கடிதம் வீட்டில் இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். அதில் உள்ள கோவை இலக்கம் (பைல் நம்பர்) தான் சாவி. அந்த இலக்கத்தை வைத்து 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருகிறோம் அல்லது இல்லை என்று முடிவு சொல்ல வேண்டும். பெயர், தோட்டம், வருடம், கோவை இலக்கம் நான்கையும் தெளிவாக எழுதுங்கள். "எங்கள் பூட்டனைப் பற்றிய எல்லா விபரமும்" என்று எழுதினால் ஒன்றும் வராது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 லட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்று பேசிக்கொண்டார்கள். மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர் தன் தாய் தகப்பனோ பாட்டன் பாட்டியோ இந்தியாவில் பிறந்தவர் என்று காட்ட வேண்டியிருந்தது. ஆகவே ஊர்ப் பெயர் அந்தப் பக்கத்துக் காகிதத்தில்தான் இருக்கும். இங்கே தங்கிவிட்ட நம்மிடம் இருக்காது. போன சொந்தத்தைத் தேடுங்கள். கூடலூர், கோத்தகிரி, தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள், இப்படி எங்கேயாவது இருப்பார்கள். எங்கள் பெரியப்பா 70களில் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறியவர். அவர் மகன் கூடலூரில் ஒரு பால்மா டின்னுக்குள் பாஸ்போர்ட், குடும்ப அட்டை, விண்ணப்ப நகல் எல்லாவற்றையும் சுருட்டி வைத்திருந்தான். நகலில், பாட்டனார் பிறந்த இடம்: ஒரு கிராமத்தின் பெயர், முசிறி தாலுகா, திருச்சிராப்பள்ளி ஜில்லா.

அதற்கும் முந்தியது தகரத் துண்டு. 1900களின் தொடக்கத்தில் வந்த முறை. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் அடித்த சின்னத் தகரத்தைக் கழுத்தில் கட்டி அனுப்புவார்கள். யார் வீட்டிலாவது இருந்தால் அதிர்ஷ்டம். எங்கள் வீட்டுத் துண்டை அப்பாயி கோழிக்கூட்டுக் கதவுக்குக் கொண்டியாக அடித்து வைத்திருந்தார். எண் தேய்ந்து போயிற்று.

சீமைக்கு, அதாவது இந்தியாவுக்கு, போகும்போது

பழைய தாலுகா, ஜில்லா பெயரை இன்றைய வரைபடத்தில் வைத்துத் தேடினால் ஏமாறுவீர்கள். அந்தக் கால முசிறி தாலுகாவுக்குள் துறையூரும் அடக்கம். பெரம்பலூர் 1995 வரை திருச்சியோடு இருந்தது. புதுக்கோட்டை 1948 வரை மன்னர் சமஸ்தானம், மாவட்டமானது 1974இல். ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று ஊர் இருக்கும், மேல, கீழ என்று ஒட்டு மட்டும் வேறாக.

அந்த இடத்தில் உதவுவது குலதெய்வம். நம் ஆட்கள் சாதிச் சண்டையில் ஊரை மறந்தாலும் சாமியை மறக்கவில்லை. தோட்டத்தில் எங்கள் வீட்டார் தனியாகக் கும்பிட்டது செல்லியம்மன். அந்தப் பக்கத்தில் செல்லியம்மன் இல்லாத ஊரே கிடையாது. ஆனால் அப்பாயி, "வாசல்ல ஏழு குதிரை, ஒண்ணுக்குக் காது இல்ல" என்று சொல்லியிருந்தார். அதனால் கூட நிற்கிற சாமிகள் யார், என்ன படையல், முதல் மாலை யாருக்கு என்று சில்லறை விபரத்தையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

நான் 2016இல் கொழும்பிலிருந்து திருச்சிக்குப் பிளேன் ஏறினேன், கூடலூர்த் தம்பி வந்து சேர்ந்துகொண்டான். மூன்றாவது ஊரில் குதிரைகள் இருந்தன. ஆறுதான். பூசாரி சொன்னார், காதில்லாதது மழையில் விழுந்துவிட்டதாம். பங்காளி வீட்டைக் காட்டினார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "கண்டிச் சீமைக்குப் போனவரு வழியா?" என்றார். அடுத்த கேள்வி, "பங்கு கேட்டு வந்தீங்களா?"

இதற்குத் தயாராகப் போங்கள். பட்டாவில் பூட்டன் பெயர் இன்னமும் இருக்கலாம், அவர்களுக்கு அந்தப் பயம் நியாயம்தான். போன முதல் அஞ்சு நிமிடத்திலேயே நிலம் வேண்டாம், பெயரைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தோம் என்று சொல்லிவிடுங்கள். நான் அதைச் சொல்ல மறந்து, மத்தியானச் சாப்பாடு வரை யாரும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. சொன்ன பிறகுதான் உள்ளேயிருந்து கோயில் தலைக்கட்டு வரி நோட்டு வந்தது. பூட்டனின் அண்ணன் வழியில் நாலு தலைமுறை அதில் இருந்தது, வரிசையாக, யார் எவ்வளவு பாக்கி என்பதோடு. எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது பெரியவர் என் பெயரையும் கேட்டுக் கடைசி வரியில் எழுதினார். வருடத்துக்கு 500 ரூபாய், இந்தியக் காசு. பாக்கி விழாமல் கூடலூர்த் தம்பி கட்டி வருகிறான்.